பைக்கனூர் 112-ஆம் கட்டடம்: ஒழுகிய கூரையும் அதன் எடையும்

2002 மே 12, ஞாயிற்றுக்கிழமை. கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் விண்வெளி ஏவுதளத்தில், 112-ஆம் வளாகத்து ராக்கெட் பூட்டும் கட்டடத்தின் கூரை சரிந்தது. பழுது பார்க்க மேலே ஏறியிருந்த எட்டுத் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். கீழே எனெர்கியா ராக்கெட்டின் மாதிரி மேல் பூட்டி நிறுத்தியிருந்த புரான் விண்ணோடம் இடிபாடுகளில் நசுங்கியது. 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் பூமியை இரண்டு சுற்று சுற்றி, தானாகவே ஓடுபாதையில் இறங்கிய அதே புரான். செய்திகளில் புரானின் அழிவுதான் பெரிதாகப் பேசப்பட்டது. இந்த ஆய்வு அந்த எட்டுப் பேர் நின்றிருந்த கூரையைப் பற்றியது.

சேலத்தில் ராக்கெட் பூட்டும் கூடம் இல்லை. ஆனால் லீ பஜாரில் பழைய கிடங்குகள் இருக்கின்றன. ஆத்தூர் சாலை நெடுக ஜவ்வரிசி ஆலைகளும், அம்மாப்பேட்டையில் தறிக்கூடங்களும், ஏற்காட்டுத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்துக் காப்பிப் பண்டகசாலைகளும் இருக்கின்றன. கூரை ஒழுகினால் இங்கேயும் நடப்பது ஒன்றுதான்: பொருளை மேலே ஏற்றுகிறோம், ஆளை மேலே அனுப்புகிறோம். கூரை இப்போதே என்ன சுமக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கட்டடத்தின் கதை

இந்தக் கட்டடம் 1960-களில் சோவியத் நிலவுப் பயணத்துக்கான என்-1 ராக்கெட்டுக்காகக் கட்டப்பட்டது. அந்த ராக்கெட் 105 மீட்டர் உயரம், அடிப்பகுதி மட்டும் 17 மீட்டர் அகலம். அதைப் படுக்க வைத்தே பூட்டினார்கள். எனவே நடுவில் தூண் குறுக்கிடாத, மிக அகலமான, மிக உயரமான கூடங்கள் தேவைப்பட்டன. கட்டடத்தின் நீளம் 200 மீட்டருக்கும் மேல். 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்ட என்-1 நான்கு முறையும் தோற்றது. 1974-இல் திட்டம் நின்றது. பிறகு அதே கட்டடத்தை எனெர்கியா, புரான் வேலைகளுக்காக மாற்றியமைத்தார்கள். எனெர்கியா பறந்தது இரண்டே முறை, 1987-இலும் 1988-இலும். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. 1993-இல் புரான் திட்டம் கைவிடப்பட்டது. கட்டடத்தின் ஒரு பகுதி சோயுஸ் ராக்கெட் வேலைக்குப் பயன்பட்டது. உயரமான கூடங்கள் கிட்டத்தட்டக் காட்சிக்கூடம்போல் ஆகிவிட்டன.

நிலம் கஜகஸ்தானுடையது. 1994 ஒப்பந்தப்படி ரஷ்யா அதை ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் வாடகைக்கு எடுத்திருந்தது. இந்தச் சூழல் லீ பஜாரில் யாருக்கும் புதிதாக இருக்காது. கட்டியவர் ஒருவர், இன்று உரிமையாளர் வேறொருவர், உள்ளே சரக்கு வைத்திருப்பவர் மூன்றாமவர். பழைய வரைபடம் எவரிடமும் இருக்காது. கூரையின் மேல் இதுவரை எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது என்பது எவர் நினைவிலும் இருக்காது.

அந்தப் புல்வெளிப் பாலையின் தட்பவெப்பம் கொடியது. குளிர்காலத்தில் கழித்தல் 40 பாகை வரை இறங்கும், கோடையில் 45 வரை ஏறும். 85 பாகை வேறுபாட்டில் 100 மீட்டர் இரும்பு ஏறத்தாழ 100 மி.மீ. நீண்டு சுருங்கும். நான்கு அங்குலம். ஒவ்வோர் ஆண்டும் இந்த இழுபறி நடந்தால் கூரை மேல் ஒட்டிய தார்த்தாள் முதலில் மூலைகளிலும் விரிவிணைப்புகளிலும் கிழியும். அங்கிருந்துதான் நீர் உள்ளே போகும்.

நீர் எங்கே தங்குகிறது

விபத்துக்குப் பின் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று: பராமரிப்பில்லாத பழைய கூரை, அதில் ஊறிய மழைநீர், பழுது வேலைக்காக மேலே ஏற்றி வைத்த கூரைப்பொருளின் பாரம். முதல் காரணம்தான் எளிதில் கண்ணில் படும். அது உண்மைதான். ஆனால் பத்தாண்டுப் புறக்கணிப்பைத் தாங்கி நின்ற கூரை பழுது பார்க்கும் நாளில் விழுந்தது. எனவே இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சோவியத் காலத்துத் தட்டைக் கூரைகளில் குளிர் தடுக்க, சுட்ட களிமண் உருண்டைகளை ஓர் அடுக்காகப் பரப்புவது வழக்கம். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் தார்த்தாள். 100 மி.மீ. அடுக்கு காய்ந்திருக்கும்போது சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோதான். ஆனால் உருண்டைகளுக்கு இடையே ஏறத்தாழ 40 சதவீதம் வெற்றிடம். தார்த்தாள் ஓரிடத்தில் கிழிந்தால் போதும், நீர் அந்த வெற்றிடத்தில் இறங்கிப் பக்கவாட்டில் பரவும். மேலே தார்த்தாள் மூடியிருப்பதால் வெயிலுக்கு ஆவியாகாது. கீழே அடுக்குகளைத் தாங்கும் பலகம் தடுப்பதால் முழுவதும் வடியாது. அடுக்கில் பாதி உயரம் நீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 20 கிலோ. உருண்டைகள் உறிஞ்சியதையும் சேர்த்தால் 25 கிலோவைத் தாண்டும். 1,000 சதுர மீட்டருக்கு அது 25 டன். தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. உள்ளே ஓரிடத்தில் சொட்டுவது மட்டும்தான் தெரியும்.

நம் ஊரில் இதே வேலையைச் செய்வது சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி. செவ்வாய்ப்பேட்டையின் பழைய மெட்ராஸ் மாடிகளில் தேக்கு உத்தரம், குறுக்குக்கட்டை, அதன் மேல் சாய்த்து அடுக்கிய செங்கல், அதன் மேல் 75 முதல் 100 மி.மீ. ஜல்லிக்காரை, மேலே தட்டோடு (தட்டையான ஓடு). 75 மி.மீ. ஜல்லிக்காரை மட்டும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 135 கிலோ, தட்டோடு 40. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறினால் இன்னும் 20, 25 கிலோ. பிறகு ஒருநாள் ஒழுகல் தாங்காமல், பழையதை உடைக்காமலே மேலே இன்னொரு வரிசை ஓடு பதிக்கிறார்கள். 20 மி.மீ. கலவையும் புது ஓடும் சேர்ந்து 80 கிலோ. அப்படியே ஆகிறது 100 கிலோவுக்கு மேல் கூடுதல் பாரம். இந்தியத் தரக் குறியீட்டின்படி ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குக் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. புழங்காத கூரைக்கு 75. ஆட்களுக்கும் பொருளுக்கும் என்று ஒதுக்கிய இடத்தைப் பழைய பழுதுகளும் ஊறிய நீரும் முன்பே தின்றுவிட்டன.

அதனால் ஒழுகுகிற கூரையை எடை கூடிய கூரை என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். கட்டடக்காரர்கள் ஒழுகலை நீர்த்தடுப்புச் சிக்கலாக மட்டும் பார்ப்பதே முதல் தவறு.

மேலே ஏற்றிய பொருள்

‘மொத்தமா மேல ஏத்தி வச்சிரலாங்கண்ணா, தினமும் சாரம் ஏற வேண்டியதில்லைங்க’ என்று மேஸ்திரி சொல்வார். கூலிக் கணக்கில் அது சரி. கூரைக் கணக்கில் என்ன ஆகிறது என்று ஒரு சாதாரணத் தறிக்கூடத்தை வைத்துப் பார்க்கலாம்.

ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) 5 மீட்டர், பர்லின் (ட்ரஸ்களுக்குக் குறுக்கே ஷீட்டைத் தாங்கும் கட்டை) இடைவெளி 1.4 மீட்டர், சரிவு 18 பாகை. 10 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 2 கிலோ குறைத்துக்கொள்ளக் குறியீடு இடம் தருவதால், ஷீட்டுக்கும் பர்லினுக்கும் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிலோ. ட்ரஸ்ஸுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40. ஒரு பர்லின் சுமக்கும் பரப்பு 7 சதுர மீட்டர். எனவே அது தாங்க வேண்டியதாகக் கணக்கிட்டது பரவலாக 420 கிலோ. மூன்று மீட்டர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ. 17 ஷீட்டை ஒரே இடத்தில் அடுக்கினால் கிட்டத்தட்ட 700 கிலோ ஆகிறது. அது பர்லினின் நடுவில் குவிந்தால், பரவலாக 1,400 கிலோ வைத்த அளவுக்கு வளைக்கும். கணக்கிட்டதைவிட மூன்று மடங்குக்கும் மேல். புதுக் கட்டடத்தில்கூட இதைச் செய்யக் கூடாது.

தட்டைக் கூரையில் தார் ஷீட் சுருள்களுக்கும் இதே கதிதான். 10 சதுர மீட்டர் சுருள் ஒன்று ஏறத்தாழ 35 கிலோ. கிரேன்காரர் 20 சுருளை ஒரு மரத்தட்டோடு இறக்கிவிட்டுப் போனால் 1.2 சதுர மீட்டரில் 700 கிலோ. கிரேனுக்கு எட்டும் இடம், ஆட்களுக்குக் கைக்கு எட்டும் இடம் என்று பார்த்துத்தான் இறக்குவார்கள். அது பெரும்பாலும் இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவில், கூரை மிக வலுவிழந்த இடமாக அமைந்துவிடும். பொருளை வைக்க வேண்டியது சுவரின் மேல், தூண் தலைக்கு நேராக, சுருள் சுருளாகப் பிரித்து. மேலே இருக்க வேண்டியது அரைநாள் வேலைக்கான பொருள் மட்டும்.

உடைத்தெடுத்த குப்பையும் இதே கணக்கில் வரும். பழைய காரையைக் கொத்திக் கொத்தி ஓர் ஓரத்தில் குவித்தால், ஒரு பக்கம் பாரம் குறைந்து மறுபக்கம் கூடும். ட்ரஸ்ஸில் இப்படிச் சமனில்லாத பாரம் விழும்போது, வழக்கமாக இழுவிசையில் இருக்கும் சில குறுக்குக் கம்பிகள் அமுக்கவிசைக்கு மாறும். இழுவைக்கென்று போட்ட மெல்லிய ஆங்கிள் (L வடிவ இரும்பு) அமுக்கத்தில் சட்டென்று வளைந்து விலகிவிடும். குப்பையை அன்றன்றைக்கே குழாய் வழியாகவோ வாளியிலோ கீழே இறக்க வேண்டும்.

ஏன் ஒரு கூடத்தோடு நிற்கவில்லை

பைக்கனூரில் விழுந்தது ஒரு மூலை மட்டுமன்று. உயரமான கூடங்களின் கூரை வரிசையாக இறங்கியது. வெளிச்சுவர்கள் நின்றன. அந்தச் சுவர்களும் விழுமோ என்ற அச்சத்தில்தான் மீட்பு வேலை நடந்தது.

பெரிய பரப்பு இரும்புக் கூரை ஏன் இப்படித் தொடர்ந்து விழும் என்பதற்குப் பொதுவான விளக்கம் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கூடங்களின் ட்ரஸ்கள் நடுவில் ஒரே தூண் வரிசையில் அமர்கின்றன. ஒரு பக்கம் விழும்போது பர்லின்களும் குறுக்குக் கட்டுகளும் அடுத்த ட்ரஸ்ஸைப் பிடித்து இழுக்கின்றன. தூண் தலை பக்கவாட்டில் சாய்கிறது. மறுபக்க ட்ரஸ் தன் இருக்கையிலிருந்து நழுவுகிறது. ட்ரஸ்ஸின் மேல்கட்டை எப்போதும் அமுக்கத்தில் இருப்பது. அதைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது பர்லினும், ட்ரஸ்களை ஒன்றோடொன்று கட்டும் பிரேசிங் கம்பிகளும். அந்தப் பிடிப்பு ஒன்றுவிட்டு ஒன்று போனால், பிடியில்லாத நீளம் இரண்டு மடங்காகி, நெளிவைத் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகக் குறையும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1978 ஜனவரி 18 அன்று விளையாட்டரங்கக் கூரை பனிப்பாரத்தில் விழுந்ததற்கும் மேல்கட்டைக்குப் போதிய பக்கப் பிடிப்பு இல்லாததே அடிப்படை. அது விடியற்காலை, முந்தைய இரவு ஆட்டம் பார்த்த ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பிய சில மணி நேரத்துக்குப் பிறகு. யாருக்கும் காயமில்லை.

நம் கூடங்களில் இந்தப் பிடிப்பு காணாமல்போகும் விதம் வேறு. மின்விசிறிக் குழாய் போகவில்லை, புது மெஷின் தூக்க இடைஞ்சல் என்று கேஸ் கட்டரால் ஒரு பிரேசிங் ஆங்கிளை வெட்டி எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பதினைந்து ஆண்டு கழித்து ஷீட் மாற்றும் நாளில், மேல்கட்டையைப் பிடித்திருந்த பர்லினையும் கழற்றும்போதுதான் அந்த வெட்டு கணக்குக்கு வரும். ஷீட் மாற்றும்போது ஒரு கட்டத்தைப் பிரித்து, புதிதாகப் பூட்டி முடித்த பிறகே அடுத்த கட்டம். எல்லாப் பர்லினையும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது.

ஆளை ஏற்றுமுன்

முதல் பார்வை கீழிருந்து. ட்ரஸ்ஸின் கீழ்க்கட்டை நெடுக நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு தொய்வு என்று அளந்து, சுண்ணாம்பால் ட்ரஸ் எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். ஒரு ட்ரஸ் மட்டும் மற்றவற்றைவிடத் தொய்ந்திருந்தால் அதன் மேல்தான் நீர் தேங்கியிருக்கும், அல்லது அதில்தான் உறுப்பு போயிருக்கும். பிறகு துரு. மேலோட்டமான செம்மண் நிறத் துருவைவிட, ஏடு ஏடாக உரியும் துருவே ஆபத்து. 6 மி.மீ. ஆங்கிளில் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் போனால் மிச்சம் 4. மூன்றில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது. சுத்தியால் தட்டித் துருவை உதிர்த்து, மிச்ச இரும்பைக் காலிப்பரால் அளக்க வேண்டும். எட்டாத இடத்தில் அல்ட்ராசானிக் தடிமன்மானி. ஜவ்வரிசி ஆலைகளில் எப்போதும் ஈரமும் புளிப்புமான காற்று இருப்பதால், தொட்டிகளுக்கு நேர் மேலே உள்ள கஸெட் தகடுகளை (ட்ரஸ் உறுப்புகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளை) முதலில் பார்க்க வேண்டும். ஏற்காட்டு மரக்கூரைகளிலும் மெட்ராஸ் மாடிகளிலும் நடுக்கட்டையைவிடச் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுக்கும். அங்கே ஆணியைக் கையால் அழுத்திப் பார்த்தால், நல்ல தேக்கு ஆணியை உள்ளே விடாது.

அடுத்தது கூரையின் உண்மை எடை. மூன்று இடங்களில், அதில் ஒன்று ஒழுகும் இடமாக, 300 மி.மீ.க்கு 300 மி.மீ. சதுரம் வெட்டி, பலகம் வரை உள்ள எல்லா அடுக்கையும் பையில் கட்டி எடை போட வேண்டும். வெட்டிய பரப்பு 0.09 சதுர மீட்டர். பையில் 19.8 கிலோ இருந்தால் சதுர மீட்டருக்கு 220. அதை நாலைந்து நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்து மறுபடி போட்டால், குறைந்த எடைதான் கூரை குடித்த நீர். இதற்கு ஆகும் செலவு ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலியும் ஒரு தராசும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அமைப்புப் பொறியாளரிடம் போனால் அவர் உருப்படியான பதில் சொல்ல முடியும். எண் இல்லாமல் போனால் ‘பார்த்துச் செய்யுங்க’ என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல இயலாது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மாடியில் பாத்தி கட்டி இரண்டு மூன்று நாள் நீர் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இங்கே உண்டு. புது கான்கிரீட் கூரைக்கு அது சரி. பழைய கூரைக்குக் கூடவே கூடாது. நீர் ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, 50 மி.மீ. பாத்தி 50 கிலோ. அதோடு நிற்பதில்லை. நீரின் பாரத்தால் கூரை தொய்யும், தொய்ந்த இடத்துக்கு இன்னும் நீர் வரும், அது மேலும் தொய்யவைக்கும். விறைப்புக் குறைந்த கூரையில் இந்தச் சுழற்சி எங்கும் நிற்காது. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் இதே நிலைதான். தேசியக் கட்டடக் குறியீட்டின்படி 100 மி.மீ. குழாய் ஒன்று, மணிக்கு 50 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 85 சதுர மீட்டர் கூரைக்குப் போதும். மணிக்கு 100 மி.மீ. கொட்டினால் அதில் பாதிக்குத்தான். பழைய கிடங்குகளில் 200 சதுர மீட்டருக்கு ஒரே குழாய், அதன் வாயில் அரசங்கன்று. பழுதுக்கு முதல் வேலை அந்தக் கன்றை வேரோடு எடுத்து, கைப்பிடிச் சுவரில் தளமட்டத்திலிருந்து 50 மி.மீ. உயரத்தில் உபரிநீர்த் துளைகள் போடுவது.

பாதுகாப்புக் கயிற்றில் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. கயிற்றைக் கூரையின் பர்லினிலேயே கட்டினால், கால் வழுக்கினால் காப்பாற்றும். கூரையே போனால் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சந்தேகமுள்ள கூரையில் கயிறு, வெளியே தனியாக நிற்கும் சாரத்திலோ பக்கத்துக் கட்டடத்தின் கான்கிரீட் தூணிலோ கட்டப்பட வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் ஆளைக் கூரை மேல் ஏற்றாமல், பூம் லிஃப்ட் கூடையிலிருந்தோ கீழிருந்து கட்டிய சாரத்திலிருந்தோ வேலை நடக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஏறுபலகை இல்லாமல் ஒரு காலும் வைக்கக் கூடாது. கீழே தறி ஓடக் கூடாது, சரக்கு ஏற்றக் கூடாது. முதலாளிகள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது இதற்குத்தான்.

மே மாதம்

பைக்கனூர் விபத்து நடந்தது மே மாதத்தில். சேலத்திலும் கூரை வேலை பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் நடக்கும். பள்ளி விடுமுறை, அடைமழைக்கு முன் முடிக்க வேண்டும். அதே மாதங்களில்தான் மதியம் வரை கொளுத்திவிட்டு மாலையில் காற்றும் இடியுமாகக் கோடைமழை அடிக்கும். கூரை பாதி திறந்திருக்கும், ஜல்லி கொத்தியிருக்கும், குழாய் வாயில் குப்பை இருக்கும், மேலே பொருள் இருக்கும். இதைவிட மோசமான சேர்க்கை வேறில்லை.

எனவே திறக்கும் பரப்பு அன்றைக்கே மூடக்கூடிய அளவுதான் இருக்க வேண்டும். தினமும் மதியம் ஒன்றரைக்குக் குழாய் வாய்களைச் சுத்தம் செய்ய ஓர் ஆள். கீழே நிற்பவர் ஒருவர், ட்ரஸ்ஸுக்கடியில் கட்டிய நூலையும் சுவரில் புதிதாக விழும் விரிசலையும் பார்ப்பவர். அவர் விசிலடித்தால் மேஸ்திரியைக் கேட்காமலே எல்லோரும் இறங்க வேண்டும். உதிர்ந்த துருத்தூள் தரையில் புதிதாகக் கிடப்பது, நேற்று வரை நன்றாக மூடிய கதவு இன்று பிடிப்பது, போல்ட் தெறிக்கும் சத்தம், இவை எதுவானாலும் விசில்தான். சேர்வராயன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் வேலை நின்று, ஆட்கள் இறங்கிவிட வேண்டும். மேலே விட்டுவந்த தார்ப்பாயைக் கட்டவோ சுருளை ஒதுக்கவோ மழையில் யாரும் திரும்ப ஏறக் கூடாது. மறுநாள் காலை, நூலின் தொய்வை அளந்து முந்தைய நாள் எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் ஏணி.